வேலூர்ச் சிப்பாயின் கையில் என்ஃபீல்டு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் இணைப்பில் வேலூர்ப் புரட்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோட்டை, திப்புவின் பிள்ளைகள், தலைப்பாகை உத்தரவு ஆகியவற்றைக் கட்டுரையாளர் பெரும்பாலும் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அரைப்பக்கத்துக்கு ஒரு துப்பாக்கிப் படம் போட்டு, 1806 ஜூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்கள் ஏந்திய துப்பாக்கி இதுதான் என்று கீழே குறித்திருக்கிறீர்கள். கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க மறுத்ததும் அந்தப் புரட்சிக்கு ஒரு காரணம் என்று கட்டுரையிலும் ஒரு வரி வருகிறது. இரண்டும் தவறு. இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதால்தான், ஆசிரியருக்குக் கடிதம் பகுதி தாங்காத நீளத்துக்கு இதை எழுதுகிறேன். கத்தரி வைப்பதானால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், பூட்டைப் பற்றி, அதாவது துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் அமைப்பைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் சரித்திரம் படித்தவன் அல்லன். ராணுவத்தில் இயந்திரங்களையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக வேலை பார்த்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன கிராமங்கள் பல உண்டு; என்னுடையதும் அப்படி ஒன்று. அடுத்தவர்கள் சுட்டார்கள், நான் அவர்கள் துப்பாக்கியைப் பிரித்து மாட்டினேன். பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் கழிந்து எஸ்.எல்.ஆர். ரைஃபிள் வந்த காலம் அது. குழல் துடைக்கும் புல்த்ரூ கயிற்றில் துணியைக் கோத்துக் குழலை இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்துப் பழகிய கண் எனக்கு. பழைய துப்பாக்கி எதைப் பார்த்தாலும் அந்தக் கண் முதலில் போவது பூட்டுக்குத்தான். குழலின் நீளமும் கட்டையின் வேலைப்பாடும் ஆளை ஏமாற்றும். பூட்டு ஏமாற்றாது.

தங்கள் படத்தில் இருக்கும் துப்பாக்கியின் பூட்டைப் பாருங்கள். விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் 'குதிரை'யின் முனை குழிந்து கிண்ணம் போல இருக்கிறது. அது விழும் இடத்தில் குழலோடு சேர்ந்த சிறிய குமிழ் ஒன்று நிற்கிறது. அந்தக் குமிழின் தலையில், அடித்தால் வெடிக்கும் மருந்து வைத்த செம்புக் கேப்பு மாட்டிச் சுட வேண்டும். நரிக்குறவர்கள் கையிலிருந்த நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். குழலைக் கட்டையோடு பிடிக்க மூன்று இரும்பு வளையங்கள் இருக்கின்றன. பின்பக்கம் ஏணி மாதிரி நிமிரும் குறிபார்க்கும் சட்டம். பூட்டுத் தகட்டில் கிரீடமும், 'டவர்' என்ற ஆங்கில எழுத்துகளும், அதன்மேல் தேய்ந்துபோன ஓர் ஆண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் 1856 என்று தெரிகிறது. கடைசி இலக்கம் வேறாக இருந்தாலும் இருக்கலாம். முதல் மூன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள். வேலூரில் செத்த சிப்பாயின் பேரன் வேண்டுமானால் இதைப் பார்த்திருக்கலாம்.

1806இல் சிப்பாய் வைத்திருந்தது சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்காகச் செய்வித்த மாதிரி அது. குழல் 39 அங்குலம். அப்போது இங்கிலாந்து ராணுவம் வைத்திருந்ததைவிடக் குட்டை, செய்வதற்கும் மலிவு. பிரெஞ்சுக்காரர்களோடு போர் மூண்டு துப்பாக்கிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இங்கிலாந்து அரசே கம்பெனியின் சரக்கை வாங்கி, 1797இல் அதையே தன் ராணுவத்துக்கும் மாதிரியாக ஏற்றுக்கொண்டது. 'இந்தியா மாதிரி' என்றே அதற்குப் பெயர். நெப்போலியனை எதிர்த்து நின்ற ஆங்கிலச் சிப்பாய்களில் பெரும்பாலோர் தோளில் இருந்ததும் அதுதான். கம்பெனிக்காரன் சிக்கனத்துக்குச் செய்த துப்பாக்கி வாட்டர்லூ வரைக்கும் போயிருக்கிறது.

அதில் குழலைப் பிடிக்க வளையம் கிடையாது. கட்டைக்குள் குறுக்கே ஊசி செருகிப் பிடித்திருப்பார்கள். குதிரையின் வாயில் தோல் துண்டு சுற்றிய கல் இருக்கும். விசையை இழுத்தால் கல் போய் எஃகுத் தகட்டில் உரசும். தகடு பின்னால் சாய்ந்து, அடியில் இருக்கும் சிறு கிண்ணியைத் திறந்துவிடும். தீப்பொறி கிண்ணியில் இருக்கும் மருந்தில் விழுந்து, பக்கத்துத் துளை வழியாகக் குழலுக்குள் பாய வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் குண்டு புறப்படும். கல் மழுங்கினாலும், கிண்ணி மருந்து காற்றில் பறந்தாலும், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வெடிக்காமல் தட்டிப்போகும்.

வேலூர்ச் சிப்பாயின் துப்பாக்கியை அடையாளம் காண இன்னொரு நல்ல வழி கம்பெனியின் முத்திரை. 1808 வரை பூட்டுத் தகட்டில் இதய வடிவக் குறி இருக்கும். உள்ளே கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள், மேலே நாலு என்ற இலக்கம் போன்ற ஒரு குறி. சரக்கு மூட்டைகளில் போட்ட அதே முத்திரைதான். 1808க்குப் பிறகு அதை விட்டுவிட்டுக் கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கத்தைப் போட்டார்கள். ஆக, 1806 என்று ஒருவர் உரிமை கொண்டாடினால் இதயத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். சிங்கத்தைக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதயம் இருந்தாலும் உடனே நம்பிவிட முடியாது. ஆப்கானிஸ்தான் பக்கத்துக் கடைவீதிகளில் அந்த முத்திரையைப் பொய்யாக வெட்டி, பொருந்தாத ஆண்டும் போட்டுச் சுற்றுலா வருபவர்களிடம் விற்கிறார்கள்.

இனிக் கொழுப்புக்கு வருகிறேன். வேலூர்ச் சிப்பாய் வைத்திருந்தது போன்ற பழைய மஸ்கட் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. துளை முக்கால் அங்குலம், சுமார் 19 மில்லிமீட்டர். அதில் போடும் ஈயக் குண்டு அதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் சிறியது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாக மிஞ்சும், புகையோடு போனது போக மீதி குழலில் தங்கும். சில தடவை சுட்டதுமே துளை குறுகத் தொடங்கும். குண்டு இறுக்கமாக இருந்தால் சண்டை நடுவில் உள்ளே இறங்காது. ஆகையால் குண்டு தளர்வாக உருண்டு இறங்கும், வெளியே போகும்போதும் குழலின் சுவரில் மோதி மோதித்தான் போகும். நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் ஓர் ஆளைக் குறிபார்த்து அடிப்பது நடவாத காரியம். வரிசையாக நின்று ஒன்றாகச் சுடுவதும், பிறகு துப்பாக்கி முனையில் சனியனை, அதாவது குத்துக்கத்தியைச் செருகிக்கொண்டு ஓடுவதும்தான் அன்றைய போர்முறை. பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். (தங்கள் கட்டுரையில் பதினைந்து என்று இருக்கிறது. பதினைந்து என்பது 1914இல் லீ என்ஃபீல்டு வைத்திருந்தவனின் கணக்கு.)

தோட்டா என்பது காகிதக் குழாயில் மருந்தும் குண்டும் சேர்த்துக் கட்டியது. அதைப் பல்லால் கடித்துக் கிழிப்பது 1806இலும் உண்டு, அதற்கு முன்பும் உண்டு. ஆனால் தளர்வாக இறங்கும் குண்டுக்கு எண்ணெய் எதற்கு, கொழுப்பு எதற்கு? தேவையே எழவில்லை. வேலூர்ச் சிப்பாய்க்கு வந்த கோபம் தலைப்பாகையைப் பற்றியது. தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை, தாடியை மழிக்கும் உத்தரவு, நெற்றிக்குறிக்கும் கடுக்கனுக்கும் தடை. வாயில் வைப்பதைப் பற்றி அவனுக்கு அன்று முறையீடு இல்லை.

கொழுப்பு வந்தது ரைஃபிளோடு. குழலின் உட்சுவரில் திருகு போலப் பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டு போகும், நேராகவும் தொலைவாகவும் போகும். இது ஐரோப்பியத் துப்பாக்கிக் கொல்லர்களுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். ஆனால் பள்ளத்தைக் குண்டு கவ்வ வேண்டுமானால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமானால் கெட்டிப்பதற்கு நேரம் பிடிக்கும். 1849இல் பிரெஞ்சு ராணுவ அதிகாரி மினியே அடிப்பாகம் குழிந்த கூர்முனைக் குண்டு ஒன்றைச் செய்தார். இறங்கும்போது குழலைவிடச் சற்றுச் சிறியதாக எளிதில் இறங்கும். மருந்து வெடித்ததும் அதன் அடிப்பாகம் விரிந்து பள்ளத்தைக் கவ்வும். இந்த வழியில் வந்ததுதான் 1853 என்ஃபீல்டு. துளை முக்கால் அங்குலத்திலிருந்து பதினான்கரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியது. குறிச்சட்டத்தில் தொள்ளாயிரம் கெஜம் வரை கோடு போட்டிருந்தார்கள்.

இந்தக் குண்டுக்கும் குழலுக்கும் இடையில் இருந்த இடைவெளி ஒரு மயிரிழை. கசடு கட்டினால் உள்ளே போகாது. அதனால் குண்டு இருக்கும் பக்கத்துக் காகிதத்தை மெழுகும் கொழுப்பும் சேர்த்த கலவையில் தோய்த்தார்கள். எந்த மிருகத்தின் கொழுப்பு என்பதில்தான் தீப்பிடித்தது. 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் பேச்சு கிளம்பியது. அங்கும் அம்பாலாவிலும் சியால்கோட்டிலும்தான் புதிய ரைஃபிளில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான சிப்பாய்கள் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்களே, அன்று அவர்களுக்குக் கொடுத்தவை வழக்கமாக வாங்கி வந்த பழைய தோட்டாக்கள்தான். சந்தேகம் அதற்குள் எல்லாத் தோட்டாவுக்கும் பரவிவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் கிளர்ச்சிச் சிப்பாய்கள் பெரும்பாலும் பழைய வழவழப்பான மஸ்கட்டோடு சண்டையிட்டார்கள். எதிரில் நின்ற வெள்ளைக்காரப் படைகளில் பல என்ஃபீல்டு வைத்திருந்தன.

வழவழப்பான குழலில் கொழுப்பு இல்லை. பள்ளம் வெட்டிய குழலில் கொழுப்பு உண்டு. தங்கள் கட்டுரையாளர் படத்தை மாற்றிப் போட்டதால் தோட்டாவையும் மாற்றிப் போட நேர்ந்தது என்று நினைக்கிறேன்.

இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம், ஏதோ ஒரு பழைய துப்பாக்கி என்று விடக்கூடாதா என்று என் மருமகன் கேட்கிறான். விடக்கூடாது. எந்தப் பூட்டு யார் கைக்கு எந்த ஆண்டு போனது என்பதில் ஒரு நாட்டை ஆண்டவர்களின் கணக்கு இருக்கிறது. சென்னை ராணுவத்தைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். நம் பள்ளிப் புத்தகங்களில் இதைப் பார்த்ததில்லை.

1841 மே 30, சீனாவில் காண்டன் நகருக்கு வெளியே. முதலாம் அபினிப் போர். கம்பெனியின் சென்னை ராணுவத்தில் 37ஆவது சுதேசிக் காலாட்படை அங்கே போயிருந்தது. நம் பக்கத்து ஆட்கள். கிராமத்தார் ஆயிரக்கணக்கில் ஈட்டியும் கத்தியும் தூக்கிக்கொண்டு திரண்டு வந்தார்கள். சண்டை நடுவில் இடியும் மழையும் கொட்டத் தொடங்கியது. வயல்வெளி முழுவதும் தண்ணீர், வரப்பு எது பாதை எது என்று தெரியாத இருட்டு. பின்வாங்கும்போது 37ஆவது படையின் ஒரு கம்பெனி வழி தவறித் தனியாக மாட்டிக்கொண்டது. சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நின்றார்கள். விசையை இழுத்தால் கல் உரசுகிறது, கிண்ணியில் இருப்பது சேறு. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. நீண்ட ஈட்டிகளுக்கு எதிரே எட்டாத சனியனை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றார்கள். அவர்களைத் தேடிப் போய் மீட்டது ராயல் மரைன் படையின் இரண்டு கம்பெனிகள். அதே மழையில்தான் அவர்களும் நடந்து போனார்கள். அவர்கள் துப்பாக்கிகள் சுட்டன, ஏனென்றால் அவற்றில் இருந்தது செம்புக் கேப்பு.

இரண்டு பூட்டுக்கும் உள்ள வேறுபாடு அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே ஆங்கிலேயருக்குத் தெரியும். 1834இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் இரண்டு வகையிலும் ஆறாயிரம் முறை சுட்டுச் சோதனை செய்தார்கள். கல் பூட்டு 922 முறை தட்டிப்போனது, கேப்புப் பூட்டு 36 முறை. எங்கள் பட்டறையில் ஓர் ஆயுதம் ஆறரைக்கு ஒன்று தட்டிப்போனால் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிடுவோம். அந்த நிலையில் இருந்ததைத்தான் சென்னைச் சிப்பாயின் கையில் கொடுத்துச் சீனாவுக்குக் கப்பலேற்றினார்கள். கேப்பு மருந்துக்கு வழி காட்டியவர் ஒரு பாதிரியார் என்பது இங்கே ஒரு வேடிக்கை. ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கத்து ஃபோர்சைத் என்பவர். பறவை சுடுவதில் பைத்தியம். கிண்ணியில் மருந்து பளிச்சென்று எரிவதைக் கண்டதும் பறவை பறந்துவிடுகிறதே என்ற எரிச்சலில், அடித்தால் வெடிக்கும் மருந்தைப் பூட்டில் வைக்க வழி தேடி 1807இல் காப்புரிமை வாங்கினார். வேலூரில் ரத்தம் காய்ந்த மறு ஆண்டு. செம்புக் கேப்பு வந்தது அதற்கும் பிறகு. தங்கள் படத்துத் துப்பாக்கி வேலூரில் இருந்திருக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

1857க்குப் பிறகு நடந்தது இன்னும் வெளிப்படை. சுதேசிப் படைகளுக்கென்று 1858, 1859 மாதிரிகள் வந்தன. பார்வைக்கு அப்படியே என்ஃபீல்டு. அதே கட்டை, அதே மூன்று வளையம், அதே கேப்புப் பூட்டு. உள்ளே பள்ளம் இல்லை, வழவழப்பான குழல். ஏணிக் குறிச்சட்டத்துக்குப் பதிலாக அசையாத ஒரு துண்டு. வெள்ளைக்காரன் கையில் ரைஃபிள், அவன் பக்கத்தில் நிற்கும் சிப்பாயின் கையில் ரைஃபிளின் தோற்றம். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கவும். ஒரு நல்ல குழலைக் கெடுப்பதற்குத் தனியாக ஒரு மாதிரி போட்டு, முத்திரையும் குத்தியிருக்கிறார்கள்.

பிறகு எப்போதும் ஒரு படி கீழேதான். 1866இல் ஸ்னைடர் வந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜேக்கப் ஸ்னைடர் பழைய என்ஃபீல்டின் பின்பக்கத்தை வெட்டி, கதவு போலத் திறக்கும் துண்டு வைத்து, பின்னாலிருந்து தோட்டா போடும்படி மாற்றினார். 1871இல் மார்ட்டினி ஹென்றி ரைஃபிள் வந்ததும் வெள்ளைப் படைகளுக்கு அது போனது, இந்தியப் படைகளுக்கு ஸ்னைடர் இறங்கியது. 1880 ஜூலை 27 அன்று ஆப்கானிஸ்தானில் நடந்த மைவாண்ட் போரில் 66ஆவது ஆங்கிலப் படை மார்ட்டினியோடும், பக்கத்தில் நின்ற பம்பாய்ப் படைகள் ஸ்னைடரோடும் சண்டையிட்டன. 1914இல் இந்தியப் படை பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோதும் பழைய மாதிரி ரைஃபிளோடு போனது. அங்கே தோட்டா வேறாக இருந்ததால், இறங்கிய இடத்திலேயே புதிய லீ என்ஃபீல்டுகளைக் கொடுக்க வேண்டி வந்தது. உலகப் போர் வந்துதான் சம ஆயுதம் கிடைத்தது.

பள்ளம் இல்லாத குழல் அதோடு ஒழிந்ததா என்றால் இல்லை. காவல் துறையிலும் சிறைக் காவலிலும் வேலை பார்த்த பெரியவர்களுக்கு 410 மஸ்கட் தெரிந்திருக்கும். வங்காளத்தில் இஷாப்பூர்த் தொழிற்சாலையில், கட்டையும் போல்ட்டும் த்ரீ நாட் த்ரீயாகவே இருக்க, உள்ளே பள்ளமில்லாத குழலும் வேறு தோட்டா அறையும் வைத்து, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இருக்கும் இடத்தை மரத்துண்டால் அடைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும்படி மாற்றினார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் ராணுவ ரைஃபிள், கையில் எடுத்தால் ஒற்றைத் தோட்டா மஸ்கட். 1858இன் யோசனைதான். ஒரு முறை அந்த மரத்துண்டு கழன்று விழுந்த 410 ஒன்று என் மேசைக்கு வந்தது. உள்ளே பார்த்தபோதுதான் இந்த வரலாறு எனக்கு முதலில் உறைத்தது. எழுதி வைத்த எதையும் விட அந்த மரத்துண்டு தெளிவாகப் பேசியது.

 

நம் ஊர்களில் எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் பழைய திரித் துப்பாக்கி ஏன் கண்ணில் படுவதில்லை என்று கட்டுரையாளர் வியந்திருக்கிறார். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு 1801 டிசம்பரில் சென்னை அரசு பாளையக்காரர் நாட்டில் ஆயுதம் வைத்திருக்கவே தடை போட்டுப் பிரகடனம் செய்தது. அப்போது தப்பியதை 1878 ஆயுதச் சட்டம் பார்த்துக்கொண்டது. மீந்தவை பெரும்பாலும் அரண்மனைச் சேகரிப்புகள். தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த பொருள்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் குழந்தைகளைக் கூட்டிப்போகலாம். நேபாளத்தில் அரசரின் பழைய ஆயுதசாலையில் குவிந்து கிடந்த பல்லாயிரம் துப்பாக்கிகளை 2003இல் அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று அவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் நேபாளி அவர்கள் விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

படத்துக்குத் திரும்புகிறேன். அந்தத் துப்பாக்கிக்கு உரியவர் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். குழல் எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னுகிறது. நல்லது செய்வதாக நினைத்துச் செய்ததுதான், ஆனால் குழலின் இடப்பக்கம் இருந்திருக்க வேண்டிய சோதனை முத்திரைகள் அதனால் போய்விட்டிருக்கும். பழைய இரும்பில் செந்துரு ஏறினால் மெல்லிய எண்ணெய் போதும், நாரும் துணியும் போதும். கட்டைக்கு வார்னிஷ் அடிக்கக்கூடாது. பூட்டைக் கழற்ற ஆசைப்பட்டால், அளவு பொருந்தாத திருப்புளியால் திருகுத் தலையைச் சிதைக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். 'டவர்' முத்திரை போட்ட பூட்டுகள் பெரும்பாலும் பர்மிங்ஹாம் பட்டறைகளில் கையால் அரத்தால் ராவிச் சேர்த்தவை. ஒன்றின் திருகு மற்றதில் ஏறாது. எடுத்த இடத்திலேயே திருப்பிப் போட வேண்டும். அமெரிக்க இயந்திரங்களை வரவழைத்து என்ஃபீல்டு தொழிற்சாலை 1850களின் பிற்பாதியில் செய்யத் தொடங்கிய பிறகுதான், எந்தப் பாகத்தையும் எந்தத் துப்பாக்கியிலும் மாட்டலாம் என்ற சுகம் எங்களைப் போன்றவர்களுக்கு வந்தது.

தாங்கள் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓரத்தில் இரண்டு வரி போதாது. படத்தோடு வந்த தவறு படத்தோடு போக வேண்டும். கல் பூட்டு ஒன்றையும் கேப்புப் பூட்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூட்டுத் தகட்டுக்கு நேர் எதிரே நின்று எடுத்த படமாகப் போடுங்கள். ஜூலை மாதம் பள்ளிகளில் வேலூர்ப் புரட்சி பற்றிப் பேச்சுப் போட்டி வைப்பார்கள், பிள்ளைகள் தங்கள் இணைப்பைத்தான் வெட்டி ஒட்டுவார்கள்.

கடைசியாக, திருத்தத்தைவிட அவசரமான செய்தி ஒன்று. அதே பக்கத்தின் மூலையில் இருக்கும் சிறிய படத்தில், பத்து வயதுப் பையன் ஒருவன் குதிரையை ஏற்றி வைத்த அந்தத் துப்பாக்கியின் வாயில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி பார்வைக்குக் காலியாகவே தெரியும். மருந்து அடியில் கிடக்கும். நூறு ஆண்டு கழித்துக் கிடைத்த குழல்களில் மருந்தும் குண்டும் அப்படியே இருந்திருக்கின்றன. ஈரம் படாத கருமருந்துக்கு வயது கிடையாது. உரியவர் தங்கள் வாசகர்தான் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் குழலின் வாயை யாரும் இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள். குமிழில் கேப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்குங்கள். குழலின் வாயை யாரும் இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள். கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே கம்பியில் ஒரு அடையாளம் வையுங்கள். கம்பியை வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவுக்குப் படுக்க வைத்துப் பாருங்கள். கம்பியின் முனை குமிழ் இருக்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்தால் காலி. அதற்கு இரண்டு மூன்று விரற்கடை முன்பே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. தோண்டவோ சூடு காட்டவோ வேண்டாம், அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ ஆர்மரர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.